கை படாமல்

அப்பாவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, அடியில் கிடந்த ஈர விரிப்பை உருவுவதற்காக மெத்தைக்கும் கட்டிலுக்கும் நடுவே கையை விட்டாள் வெர்னா. விரலில் சில்லென்று இரும்பு பட்டது. கட்டில் சட்டம்தான் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் உள்ளே துழாவினாள். வழவழவென்று மரம். அதற்குக் கீழே வளைந்த விசை. அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

அப்பாவை மெல்ல மல்லாத்திவிட்டு, குனிந்து மெத்தை ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. அப்பாவின் பழைய மான் துப்பாக்கி. யாருக்கோ விற்றுவிட்டேன் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் மனுஷன் கூசாமல் சொன்னாரே, அதே துப்பாக்கிதான் சுவரோரமாகச் சொகுசாகப் படுத்துக் கிடந்தது.

"அப்பா, இது எப்படிப்பா இங்க வந்துச்சு?"

ஆர்வோ லாம்பினென் கண்ணைத் திறந்தார். காலையிலிருந்தே மூச்சு வருவதும் நிற்பதுமாக இருந்தது. நர்ஸ் நேற்றே சொல்லிவிட்டுப் போயிருந்தாள், இன்றோ நாளையோ என்று.

"ரெய்னோ," என்றார்.

ரெய்னோ அப்பாவோடு பட்டாளத்தில் இருந்தவர். போன வாரம் சீட்டு விளையாட வருகிறேன் என்று கம்பளிப் போர்வை ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். அப்பாவுக்குக் குளிருமே என்று கொண்டுவந்தாராம். வெர்னா அவருக்குக் காபி வேறு போட்டுக் கொடுத்தாள். எண்பது தாண்டிய இரண்டு கிழவர்களும் சேர்ந்து, அவள் சமையலறையில் பன் சுட வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறார்கள்.

"ஐயோ அப்பா, உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா? இது யார் வீடுன்னு மறந்துட்டீங்களா?"

வெளியே கோடரிச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரன், அவள் தம்பி டாரில், பிர்ச் மரம் பிளந்துகொண்டிருந்தான். சவுனாவை, அதாவது நீராவிக் குளியலறையை, சூடு பண்ணச் சொல்லிக் காலையில் அப்பா கேட்டிருந்தார். குளிக்கிற நிலைமையிலா இருக்கிறார்? ஆனாலும் கேட்டுவிட்டார் என்று அவன் பிளக்கிறான். அந்தக் கொதிநீரில் உடம்பைத் துடைத்தாவது விடலாம் என்று அவனுக்கு எண்ணம்.

டாரிலுக்குப் பத்தொன்பது வயதில் புத்தி கெட்டது. இரண்டு கூட்டாளிகளோடு குடித்துவிட்டுக் கடைத்தெருவில் ஹால்வர்சனின் இரும்புக் கடைப் பூட்டை உடைத்தான். கல்லாவில் இருந்ததையும் கண்ணாடிப் பெட்டியில் இருந்த கைத்துப்பாக்கிகளையும் அள்ளிக்கொண்டு ஓடும்போது, மாடியில் படுத்திருந்த கடைக்காரர் சத்தம் கேட்டு இறங்கி வந்து, படி தவறி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். சாகும்வரை கம்பு ஊன்றித்தான் நடந்தார். டாரில் சிறைக்குப் போனான், வந்தான். அதற்கப்புறம் முப்பது வருஷமாக ஒரு சிகரெட் துண்டைக்கூட ரோட்டில் எறிந்தவன் இல்லை. ஆனால் சட்டம் அவனை விடவில்லை. ஆயுசுக்கும் துப்பாக்கியைத் தொடக் கூடாது, அவன் குடியிருக்கிற வீட்டில் அது இருக்கவும் கூடாது.

வேறு ஊராக இருந்தால் போய்த் தொலையட்டும் என்று விட்டுவிடலாம். வட மின்னசோட்டாவில் நவம்பர் வந்தால் பள்ளிக்கூடம் பாதி காலியாகிவிடும், பாதிரியாரே துப்பாக்கியோடு காட்டுக்குப் போய்விடுவார். டாரில் மட்டும் ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு, வெறுங்கையோடு புதருக்குள் கத்திக்கொண்டே நடந்து, மற்றவர்கள் சுடுவதற்கு மானை விரட்டிக் கொடுப்பான். மீசை முளைக்காத பிள்ளைகளெல்லாம் "டாரில், நீ அந்தப் பக்கம் போய்க் கத்து" என்று அவனை ஏவும். அவனும் சிரித்துக்கொண்டே போவான். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் வெர்னா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இந்த வயதில்தான் அவனுக்குத் தைரியம் வந்து, உரிமையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கோர்ட்டில் மனு போட்டான். இரண்டு தடவை தள்ளிப்போய், வருகிற செவ்வாய்க்கிழமை விசாரணை. வக்கீல் அவனையும் வெர்னாவையும் எதிரே உட்கார வைத்து விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருந்தார். "துப்பாக்கின்னு இல்ல, ஒரு தோட்டா, சுட்டுப் போட்ட காலித் தோட்டாக் கூடுகூட உங்க கையில இருக்கக் கூடாது. சட்டத்துல கூடும் தோட்டாதான். வீட்டுல இருக்குன்னு தெரிஞ்சு சும்மா இருந்தீங்கன்னா, அதுவும் நீங்க வச்சிருந்த மாதிரிதான். மனு போறது மட்டும் இல்ல, மறுபடியும் உள்ள போகணும். ரெண்டு பேரையும் சத்தியம் பண்ண வச்சுக் கேப்பாங்க."

அதனால்தான் அப்பா படுக்கையில் விழுந்து டாரிலோடு வந்து இருந்தபோதே அவருடைய துப்பாக்கிகளையெல்லாம் வெர்னா தன் வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோய்ப் பூட்டி வைத்தாள். இது ஒன்று மட்டும் தப்பிவிட்டது.

"அவனைக் கூப்பிடு," என்றார் அப்பா.

"எதுக்குப்பா?"

"குடுக்கணும். என் கையால."

அந்தப் பக்கத்தில் அது ஒரு வழக்கம். மான் வேட்டை தொடங்குவதற்கு முன்னால், அப்பன் தன் கையால் பிள்ளையின் கையில் துப்பாக்கியைக் கொடுக்க வேண்டும். அப்பன் செத்தபிறகு அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் வேறு. வெர்னாவுக்குக்கூடச் சிறுவயதில் அப்படித்தான் கிடைத்தது. லாம்பினென் வீட்டில் வெறும் துப்பாக்கியாகக் கொடுப்பதில்லை, ஒரு தோட்டா போட்டுத்தான் கொடுப்பார்கள். டாரிலுக்கு இருபது வயதாகும்போது கொடுக்க என்று அப்பா வைத்திருந்தது இது. அந்த வருஷம் நவம்பர் வந்தபோது அவன் சிறையில் இருந்தான்.

"செவ்வாய்க்கிழமை தீர்ப்பு வந்துரும்பா. நாலு நாள் பொறுத்துக்குங்க. அப்புறம் ஊரைக் கூட்டி வச்சுக் குடுங்க."

"நாலு நாளா?" கிழவர் வாய் கோணியது. சிரிக்கத்தான் பார்த்தார். "என்னடி கணக்கு போடற நீ? கூப்பிடுடி அவனை."

"இதோ கூப்பிடறேன்பா."

கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வருவான். வந்தால் அப்பா அதைக் காட்டுவார். கண்ணால் பார்த்துவிட்டானென்றால் போச்சு, செவ்வாய்க்கிழமை நீதிபதி முன்னால் அவனால் பொய் சொல்ல முடியாது. பொய் சொல்ல வராத பயல். பத்தொன்பது வயதிலேயே போலீஸ் கேட்டதும் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு அழுதவன். வெர்னா மெத்தையைத் தோளால் நெம்பிக்கொண்டு துப்பாக்கியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. எங்கேயோ மாட்டியிருக்கிறது என்று பார்த்தால், அப்பாவின் கை. எப்போது அந்தப் பக்கம் கையை விட்டாரோ, துப்பாக்கிக் குழாயைப் பற்றிக்கொண்டிருந்தார்.

"விடுங்கப்பா."

"டாரில்," என்று கூப்பிட்டார். சத்தம் கதவைக்கூடத் தாண்டவில்லை. "டாரில்."

ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். குடிக்கிற தம்ளரைப் பிடிக்கத் தெம்பில்லாத கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. பிரிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லை. கோபமாக இருந்திருந்தால் தேவலை.

துப்பாக்கி கைக்கு வந்ததும் பழக்க தோஷம், உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று நெம்புகோலை இழுத்துத் தள்ளி, மறுபடி இழுத்தாள். ஒரு தோட்டா எகிறித் தரையில் விழுந்து, கட்டிலுக்கு அடியில் உருண்டு ஓடியது.

அடக் கடவுளே! துப்பாக்கியை விரிப்பின் மேல் போட்டுவிட்டு முட்டிபோட்டாள். கட்டிலுக்கு அடியில் இருட்டு, தூசி, அப்பாவின் ஒற்றைச் செருப்பு. வெளியே கோடரி விழுந்துகொண்டிருந்தது. அது விழுகிறவரைக்கும் அவன் வரமாட்டான். மார்பு தரையில் பட ஊர்ந்து உள்ளே போய்க் கையை வீசி வீசித் தடவினாள். சுவரோரம் வெந்நீர்க் குழாய்க்குப் பின்னால் போய் ஒளிந்திருந்தது. விரலை நுழைத்து எடுத்தபோது நகம் பெயர்ந்தது. மேலே மெத்தைக் கம்பி ஒரு தடவை கிறீச்சிட்டது. அப்புறம் கிறீச்சிடவே இல்லை.

அவள் வெளியே ஊர்ந்து வந்து எழுந்து பார்த்தாள். அப்பா கதவுப் பக்கம் தலையைத் திருப்பியிருந்தார். கண் திறந்திருந்தது. மூச்சு வரும் என்று நின்று பார்த்தாள். மார்பில் கை வைத்துப் பார்த்தாள். "அப்பா" என்றாள். வெளியே விறகு பிளந்துகொண்டேயிருந்தது.

பெற்ற அப்பன் சாகிறபோது அவள் கட்டிலுக்கு அடியில் கிடந்திருக்கிறாள். ஓவென்று அழ வேண்டியவள், அழ நேரமில்லாமல் தோட்டாவைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, துப்பாக்கியை ஈர விரிப்பில் வைத்துச் சுருட்டினாள். மேலே இன்னொரு விரிப்பையும் சுற்றினாள். அப்பாவின் கண்ணை மூடினாள். அந்த வரிசையில்தான் செய்தாள். அது பின்னால் அவளுக்கு ஞாபகம் வந்து ஞாபகம் வந்து வதைத்தது.

கோடரிச் சத்தம் நின்றது. பனிக் கட்டிகளை உதறும் பூட்ஸ் சத்தம். டாரில் கை நிறைய விறகோடு வாசலில் வந்து நின்றான். அவன் தலையில் மரத்தூள் இருந்தது.

"தண்ணி நல்லாச் சூடாயிருச்சு அக்கா. நீ அவரை..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான்.

"போயிட்டாருடா."

விறகை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். அப்புறம் சத்தமில்லாமல், ஒவ்வொன்றாக, சுவரோரம் அடுக்கி வைத்தான். வந்து கட்டிலருகே மண்டியிட்டான். அப்பாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். சற்று முன்னால் அவள் விரல் விரலாகப் பிரித்த கை.

"எப்பக்கா?"

"இப்பதான்."

"ஒரு குரல் குடுத்திருக்கலாமே. இங்கதானே இருந்தேன்."

அவள் மூட்டையின் நுனியை உள்ளே செருகினாள்.

"என்னைக் கேட்டாரா?"

"தூக்கத்துலயே போயிட்டாரு," என்றாள் வெர்னா. மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

டாரில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். எந்த வேலையாவது கொடுத்தால் தேவலை என்று இருக்கும் அவனுக்கு, எப்போதுமே அப்படித்தான். "குடு அதை. நான் கொண்டுபோய் ஊறப் போடறேன்," என்று கையை நீட்டினான்.

"வேண்டாம்."

"குடுக்கா. ரெண்டு வருஷமா அவர் துணியை நான்தானே தோய்க்கறேன். எனக்கென்ன அருவருப்பு?"

அவன் விரல் விரிப்பின் நுனியில் பட்டுவிட்டது. இன்னும் ஒரு பிடி இறுக்கினால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். வெர்னா வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"தொடாத! இதுலயாவது உன் கை படாம இருக்கட்டும்."

சொன்ன மாத்திரத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. முப்பது வருஷத்தில் அவள் அவனை அந்தப் பழசை வைத்து ஒரு தடவைகூடக் குத்திக் காட்டியதில்லை. ஊரே பேசியபோதும் அவள் பேசியதில்லை. டாரில் நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டான், மடக்கிக்கொண்டான். ஓரமாக நகர்ந்து வழிவிட்டான்.

"சரி," என்றான். "நான் நர்சுக்கு போன் பண்றேன்."

அவள் கோட்டைத் தேடி, கோட்டுப் பையில் சாவியைத் தேடி, வாசலுக்கு வந்தபோது ஷெரீப் ஆபீஸ் போலீஸ் வண்டி உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. அந்த மாவட்டத்தில் யார் வீட்டில் செத்தாலும், நோயில் படுத்துச் செத்தாலும், அங்கிருந்து ஒரு ஆள் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போகவேண்டும். நர்ஸ் சொல்லியிருப்பாள். ஏரி ரோட்டில் வேட்டைக்காரர்களின் வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்த ஆள் நேரே வந்துவிட்டான். வந்தவனும் யார்? இடுப்பு உடைந்த கடைக்காரரின் பேரன். ஹால்வர்சன்.

தாத்தாவின் சார்பில் செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் பேசப்போகிறவன் அவன்தான். என்ன பேசுவான் என்று வக்கீலுக்கே தெரியவில்லை.

"மேடம், ரொம்ப வருத்தமா இருக்கு," என்று தொப்பியைக் கழற்றினான். "ஆர்வோ நல்ல மனுஷர். குடுங்க, நான் பிடிக்கறேன், படியில ஐஸா இருக்கு."

"ஐயோ வேண்டாங்க. கடைசியில எல்லாம் படுக்கையிலயே போயிட்டாரு. நாத்தம் தாங்காது."

ஹால்வர்சன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். ஆனால் பார்வையை இழுத்துக்கொள்ளவில்லை. இரண்டு கையிலும் ஏந்திய துணி மூட்டை நடுவில் தொங்கத்தானே வேண்டும்? இது கட்டை மாதிரி நேராக நின்றது. அவன் பார்த்தான். அவன் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"பாத்துப் போங்க," என்றான். "கனமா இருக்கும் போலிருக்கு."

கார் டிக்கியைத் திறந்து மூட்டையைப் போட்டு அறைந்து மூடினாள்.

உள்ளே ஹால்வர்சன் அப்பாவைப் பார்த்தான், மணியைக் குறித்துக்கொண்டான், மருந்துப் புட்டிகளை எண்ணினான். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"ஒண்ணு கேக்கணும் டாரில். சாவு வீட்டுல எல்லார்கிட்டயும் கேக்கறதுதான், தப்பா நினைக்காத. வீட்டுல துப்பாக்கி ஏதாவது இருக்கா?"

"இல்ல சார்," என்றான் டாரில். நிமிர்ந்து, நேராகக் கண்ணைப் பார்த்துச் சொன்னான். "இந்த வீட்டுக்குள்ள துப்பாக்கியே வந்தது கிடையாது. வேணும்னா நீங்க தேடிப் பாத்துக்கலாம்."

அவன் முகத்தில் பொய்யின் சாயலே இல்லை, ஏனென்றால் அவன் பொய் சொல்லவில்லை. வெர்னாவின் தொடையில் தோட்டா உறுத்திக்கொண்டிருந்தது. அவன் இப்படிச் சொல்வதற்காகத்தானே இவ்வளவும் செய்தாள். செய்துவிட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஹால்வர்சன் கட்டிலைச் சுற்றி வந்தான். சுவர்ப் பக்கம் நின்று, மெத்தையின் ஓரத்தை ஒரு கையால் லேசாகத் தூக்கினான். அடித்துணியில் துப்பாக்கி நீளத்துக்கு ஒரு எண்ணெய்க் கறை. அந்த ஊரில் பிறந்த எவனுக்கும் அது என்ன எண்ணெய் என்று மோந்து பார்க்கவேண்டிய அவசியமில்லை. கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்ற டாரிலுக்கு அது தெரியாது. வெர்னாவுக்குத் தெரிந்தது. ஹால்வர்சன் மெத்தையை மெதுவாகக் கீழே விட்டான், விரிப்பை இழுத்துச் சரி செய்தான்.

"சரி," என்றான். "நர்ஸ் வந்ததும் உடம்பை எடுத்துட்டுப் போகலாம்."

போகும்போது அவளிடம் மட்டும், "செவ்வாய்க்கிழமை பாக்கலாம் மேடம்," என்றான். அது ஆறுதலா மிரட்டலா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சவுனாவில் காய்ச்சிய தண்ணீர் வீணாகவில்லை. டாரில் வாளியில் கொண்டுவந்து அப்பாவைத் தலையிலிருந்து கால் வரை துடைத்தான், சவரம் செய்துவிட்டான். வெர்னாவை உதவிக்குக் கூப்பிடவில்லை. அப்பாவின் உடம்பை எடுத்துக்கொண்டு வண்டி சவக்கூடத்துக்குக் கிளம்பியதும், "உன் கார்லயே வந்துடறேனே, என் வண்டி காலையிலேர்ந்து மக்கர் பண்ணுது," என்று கேட்டான்.

"வேண்டாம், வேற யார் வண்டியிலயாவது ஏறி வா," என்றாள்.

அவன் அதற்கும் சரி என்றான்.

அன்று சாயங்காலமே துப்பாக்கியை நிலவறையில் மற்றவற்றோடு வைத்துப் பூட்டினாள். பிறகு ரெய்னோவுக்குப் போன் போட்டாள். "உங்க வயசுக்கு மரியாதை குடுத்துப் பேசறேன், இல்லேன்னா வாயில நல்லா வந்துரும். அவனை மறுபடியும் உள்ள தள்ளப் பாத்தீங்களே, நல்லா இருப்பீங்களா நீங்க?" ரெய்னோ அந்தப் பக்கம் அழுதார். "செத்துப்போறவன் கேட்டாம்மா. எப்படி முடியாதுன்னு சொல்லுவேன்? நல்லதுதான் செய்யறோம்னு நினைச்சேன்." அவளுக்கு மேலே திட்ட வாய் வரவில்லை. முடியாது என்று சொன்னவள் அவள் ஒருத்திதான்.

சனிக்கிழமை விடிந்ததும் வேட்டை தொடங்கியது. ஏரிக்கு அந்தப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டாரில் தன் வீட்டுச் சமையலறையில் நின்று அப்பாவின் கோட்டை இஸ்திரி போட்டான், காலணிக்குப் பாலீஷ் போட்டான். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த உருளைக்கிழங்குப் பாத்திரங்கள் மேஜை முழுக்க நிறைந்திருந்தன. வெர்னா வந்தால் "காபி இருக்கு" என்பான். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. கோபம் என்று சொல்ல முடியாது. அவள் பக்கம் ஏதாவது எடுக்கவேண்டியிருந்தால், கை நீட்டி எடுக்காமல் சுற்றிக்கொண்டு வந்து எடுத்தான். சண்டை போட்டுத் தொலைத்தால்கூடப் பரவாயில்லையே என்று அவளுக்கு இருந்தது.

திங்கட்கிழமை அடக்கம். மறுநாள் விசாரணை.

கல்லறைத் தோட்டத்தில் புதுப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பழைய பட்டாளக்காரர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். ஒரு காலத்தில் ஏழு பேர் நின்ற வரிசை, இப்போது நாலு கிழவர்கள். ஆர்வோவே அந்த வரிசையில் நின்று ஊரில் பாதிப் பேரை வழியனுப்பியவர். ரெய்னோ குரல் கொடுத்தார். மரியாதைக்கு வானத்தைப் பார்த்து மூன்று தடவை சுட்டார்கள். ஒவ்வொரு வெடிக்கும் டாரிலின் தோள் ஒரு தடவை துடித்து அடங்கியது. பெட்டி மேல் விரித்திருந்த கொடியை மடித்து மூத்தவள் என்று வெர்னாவின் கையில் கொடுத்தார்கள். வாசல் பக்கம் ரோட்டை மறித்துக்கொண்டு ஹால்வர்சன் தொப்பியில்லாமல் நின்றான். அவள் அவனைப் பார்க்காமலிருக்கப் பார்த்தாள், கழுத்து தானாகத் திரும்பியது.

அப்புறம் ரெய்னோ சிரமப்பட்டுக் குனிந்தார். பனியில் விழுந்து கிடந்த தோட்டாக் கூடுகளில் மூன்றைப் பொறுக்கித் தொடையில் துடைத்தார். அதுவும் வழக்கம்தான். செத்தவரின் மகன் கையில் மூன்று கூடுகளைக் கொடுப்பார்கள், ஆயுசுக்கும் வைத்துக்கொள்வதற்கு. துப்பாக்கி விஷயத்தில் பட்டது போதாதென்று, கிழவர் நேரே டாரிலிடம் போய் நின்றார். வெறும் பித்தளைதானே என்று நினைத்திருப்பார்.

"உங்கப்பனோடது," என்று நீட்டினார்.

டாரிலின் கை நீண்டது. வக்கீல் சொன்னதெல்லாம் எங்கே போயிற்றோ. அப்பனைக் குழியில் வைத்துவிட்டு நிற்கிறவனுக்கு அந்த நேரத்தில் சட்டம் எங்கே ஞாபகத்துக்கு வரும்? உள்ளங்கையை விரித்துவிட்டான். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் ஹால்வர்சன் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெர்னா கொடியைப் பக்கத்தில் நின்றவள் கையில் திணித்துவிட்டுப் பாய்ந்தாள். ரெய்னோவின் விரல்கள் விரியுமுன், கீழே தன் கையைக் கொடுத்து மூன்றையும் வாங்கி மூடிக்கொண்டாள். இன்னும் சூடு இருந்தது. கூட்டத்தில் யாரோ "சே, என்ன பொம்பளை இவ" என்று முணுமுணுத்தது கேட்டது. மகனுக்குச் சேரவேண்டியதைக்கூடப் பிடுங்கிக்கொள்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

அவள் நிமிர்ந்தபோது ஹால்வர்சன் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பியிருந்தான். வராத வண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

கூட்டம் கலைந்து, கீழே சர்ச் கூடத்தில் காபிக்குக் கிளம்பியது. டாரில் மட்டும் நகரவில்லை. விரித்த கையை இன்னும் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். அதில் பனி விழுந்து கரைந்தது.

"அக்கா."

"என்னடா."

"அப்பா என்னைக் கூப்பிட்டாரா?"

நாலு நாளாக அவள் இந்தக் கேள்விக்குப் பயந்து பயந்து செத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு பொய் சொல்லத் தெம்பு இல்லை.

"கூப்பிட்டாருடா. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு."

"நான் ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தானே விறகு பொளந்துட்டிருந்தேன்."

"தெரியும்."

"அப்புறம் ஏன்க்கா என்னை வரவிடல? அப்படி நான் என்ன பண்ணிட்டேன் உனக்கு?" அவன் குரல் உடைந்தது. "கடைசியா ஒரு தடவை அவர் மூஞ்சியைப் பாக்கறதுக்குக்கூடவா எனக்கு லாயக்கில்ல?"

வெர்னா வாயைத் திறந்தாள். சொல்லிவிட்டால் அவன் மனது ஆறும். சொல்லிவிட்டால் நாளைக் காலையில், கையை உயர்த்திச் சத்தியம் செய்துவிட்டு, உன் வீட்டில் துப்பாக்கி இருந்ததா என்று கேட்டால், அவன் உள்ளதைச் சொல்லிவிடுவான். வாயை மூடிக்கொண்டாள். கண்ணீர் மட்டும் நிற்காமல் வழிந்தது. மூடிய கையை நெஞ்சோடு வைத்து அழுத்திக்கொண்டாள். அன்றைக்கு அந்த மூட்டையை அணைத்துக்கொண்டிருந்த மாதிரியே.

டாரில் அந்தக் கையைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். மறுபடியும் கையைப் பார்த்தான். நெற்றி சுருங்கியது. விறகை அடுக்கிவிட்டுத் திரும்பியபோது அவள் நின்ற நிலை, வளையாத துணி, தொடாதே என்ற கத்தல், காரில் ஏற்ற மாட்டேன் என்றது, விற்றுவிட்டேன் என்று அப்பா ஒரு நாள் சொன்னது, எல்லாம் அவன் கண்ணுக்குள் ஒவ்வொன்றாக வந்து நிற்பது அவளுக்குத் தெரிந்தது. அவன் ஒரு அடி பின்னால் வைத்தான்.

"டாரில், நான்..."

"வேண்டாம்," என்றான் அவசரமாக. "சொல்லாத. எதுவும் சொல்லாத."

நனைந்த கையைக் கோட்டில் துடைத்தான். இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் மணிக்கட்டு மறையும்வரை திணித்துக்கொண்டான்.

"நாளைக்குச் சாயங்காலம் கேக்கறேன்," என்றான்.

காரை நோக்கிப் போன அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, சரிவில் சர்ச் பக்கம் நடக்க ஆரம்பித்தான். பைக்குள்ளிருந்து கையை எடுக்காமலே, வழுக்குகிற இடத்தில் உடம்பைச் சாய்த்துச் சாய்த்து இறங்கினான். வெர்னாவும் காரை விட்டுவிட்டுப் பின்னாலேயே நடந்தாள். பக்கத்தில் போகாமல், கொஞ்சம் தள்ளியே போனாள். மூடிய கைக்குள் தோட்டாக் கூடுகளின் சூடு ஆறிவிட்டிருந்தது.